மாட்டுத்தோல் வரியில வெடிச்ச கலகம்: கி.பி. 28ல ஃப்ரீசியர்களும் ரோமும், ஒரு நிகழ்வு ஆய்வு

எந்த கேஸ், ஏன் இது

ரோம், ஜெர்மானியக் குடிகள்னு பேச்சு எடுத்தாலே எல்லாரும் நேரா கி.பி. 9க்கு போயிடுவாங்க, ட்யூட்டோபர்க் காடு, லீஜியன்ங்கற பெரிய ரோமன் படைப்பிரிவு மூணு அழிஞ்சது, தளபதி வாரஸ் தன் வாள் மேலயே விழுந்து செத்தது. பெரிய கதைதான். ஆனா ஒரு நல்ல உறவு எப்படி உள்ளுக்குள்ள அரிச்சு விழுதுன்னு பாக்கணும்னா அதுக்கு 19 வருஷம் கழிச்சு ரைன் ஆறு கடல்ல சேர்ற பக்கம், இன்னைக்கு நெதர்லாந்தோட வடக்கு கரையில, ஃப்ரீசியர்ங்கற ஜெர்மானியக் குடிக்கும் ரோமுக்கும் நடுவுல நடந்த இந்த சின்ன கேஸ்தான் சரி. இதுல பெரிய வில்லன் கிடையாது, ரகசிய சதி கிடையாது. ஒரு வரி இருந்துச்சு, அதோட அளவு எவ்வளவுன்னு யாரும் எழுதி வைக்கல, அவ்வளவுதான் ஆரம்பம்.

பாதிக்கப்பட்ட குடும்பங்கள்ல ஒருத்தர் பேர்கூட நமக்கு வந்து சேரல. ஃப்ரீசியர்கள் எழுதி வைக்கிற பழக்கம் உள்ளவங்க இல்ல, அதனால கதை முழுக்க ரோமன் செனட்டர் டாசிடஸ் சுமார் 90 வருஷம் கழிச்சு எழுதினதுல இருந்துதான் வருது. அவருக்கு டைபீரியஸ் சக்கரவர்த்திய சுத்தமா பிடிக்காது, அத மனசுல வெச்சுதான் படிக்கணும். ஆனா அப்படிப்பட்ட ரோமன் ஆளே இந்த சண்டைக்கு காரணம் அவங்க அடங்காத்தனம்ங்கறத விட நம்ம பேராசைதான்னு ஒத்துக்கறாரு, அதனால அந்தப் பகுதிய நம்பலாம்னு நான் நெனைக்கறேன்.

பின்னணி: கிட்டத்தட்ட 40 வருஷ அமைதி

கி.மு. 12ல டைபீரியஸோட தம்பி ட்ரூசஸ் கப்பல் படையோட வடகடல் பக்கம் வந்தாரு. ஃப்ரீசியர்கள் அவர் பக்கம் சேந்துட்டாங்க. அடுத்து காவுக்கிங்கற பக்கத்து குடி மேல படை எடுத்தப்போ அந்தக் கடலோட ஏத்த வத்தம் ரோமர்களுக்கு பழக்கமில்லாததால தண்ணி வத்தி கப்பல் எல்லாம் சேத்துல தரை தட்டி நின்னுடுச்சு, அப்போ கரையில கூட வந்த ஃப்ரீசிய காலாட்படைதான் ரோமர்கள காப்பாத்துச்சுன்னு வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ எழுதறாரு. அதாவது இந்த உறவு தொடங்கினப்போ ரோம்தான் அவங்களுக்கு கடன்பட்டிருந்துச்சு.

ட்ரூசஸ் போட்ட வரியும் லேசானதுதான். காசு இல்ல, தானியம் இல்ல, ராணுவ உபயோகத்துக்கு மாட்டுத்தோல் குடுங்கன்னு மட்டும் கேட்டாரு. அவங்க ஏழைங்கன்னு தெரிஞ்சே அப்படி வெச்சாரு. ஊரும் அப்படித்தான், உப்பு படிஞ்ச சதுப்பு நிலம், அலை ஏறினா தண்ணி உள்ள வந்துடும், அதனால மண்ணையும் சாணத்தையும் கொட்டி மேடு கட்டி அதுக்கு மேல வீடு போட்டு இருந்தாங்க. பக்கத்து காவுக்கி ஊர்கள நேர்ல பாத்த ரோமன் எழுத்தாளர் ப்ளினி, தண்ணி ஏறும்போது அந்த வீட்டுக்காரங்க கப்பல்ல போறவங்க மாதிரியும் வத்தும்போது கப்பல் உடைஞ்சு ஒதுங்கினவங்க மாதிரியும் இருக்காங்கன்னு எழுதியிருக்காரு. அந்த மண்ணுல விவசாயம் பெருசா நம்ப முடியாது, மாடுதான் சொத்து, பாலும் அதுதான் தோலும் அதுதான்.

இங்க கவனிக்க வேண்டியது, தோல் எவ்வளவு பெருசு எவ்வளவு தடிமன்னு யாரும் கேக்கல. வந்த தோல வாங்கிட்டு போனாங்க. இந்த கண்டுக்காம விட்டதுதான் வரிய தாங்கக்கூடியதா வெச்சிருந்துச்சு, ஆனா அது எந்த எழுத்துலயும் இல்ல, பழக்கமா மட்டும்தான் இருந்துச்சு. கி.பி. 9ல சுத்தி எல்லாம் பத்தி எரிஞ்சு ரோம் ரைனுக்கு கிழக்க இருந்த நிலத்த இழந்தப்போ கூட ஃப்ரீசியர்கள் ரோமோட இருந்தாங்க. கி.பி. 15ல ரோமன் குதிரைப்படை அவங்க நிலம் வழியாவே நிம்மதியா போச்சு.

என்ன மாறுச்சு

ஃப்ரீசியர்கள மேற்பார்வை பாக்க ஒலென்னியஸ்னு ஒருத்தர போட்டாங்க. லீஜியன்ல முதல் நிலை சென்சூரியன்ங்கற அதிகாரியா இருந்து வந்தவரு, அதாவது படையில கீழ இருந்து மேல ஏறின அனுபவசாலி. தோல்ல தரம் பாக்க தெரிஞ்ச ஆள்னுதான் சொல்லணும், கூடாரம், கேடயம், குதிரை சேணம்னு எல்லாத்துக்கும் தோல் தேவைப்படற ஒரு ராணுவத்துல வாழ்ந்தவரு.

அவர் வரிய ஏத்தல. எத்தன தோல்ங்கற கணக்க தொடவே இல்ல. ஆராக்ஸ்ங்கற காட்டு மாட்டோட தோல சில எடுத்து வெச்சு இனிமே இதுதான் ஸ்டாண்டர்ட், இந்த அளவுக்கு குறைஞ்சா ஏத்துக்க முடியாதுன்னுட்டாரு.

இத கொஞ்சம் கணக்கு போட்டு பாக்கணும். அந்த காலத்து மண்மேட்டு ஊர்கள்ல தோண்டி எடுத்த எலும்ப வெச்சு பாத்தா அங்க வளத்த மாடு தோள் உயரம் சுமார் 110 சென்டிமீட்டர்தான், குட்டையான ஜாதி. ஆராக்ஸ் காளை 180 வரைக்கும் போகும். உயரம் 1.64 மடங்குன்னா தோலோட பரப்பு 2.7 மடங்கு வரும், தடிமன் அதுக்கு மேல வேற. இதுல இன்னொரு விஷயம், தரம் பாக்கற ஆள் ஒவ்வொரு தோலையும் தனியா எடுத்து அளவு பாத்தா சின்ன தோல் ரெண்டு சேத்து குடுத்தாலும் அது ஒண்ணா ஆகாது, ரிஜெக்ட் ஆன தோல் ரிஜெக்ட்தான். பேப்பர்ல வரி அப்படியே இருந்துச்சு, நெசத்துல கட்டவே முடியாத வரியா மாறிடுச்சு. காட்டுல பெரிய மிருகம் இருக்கே போய் வேட்டையாடுங்கன்னு சொல்லலாம், ஆனா மரமே அபூர்வமான சதுப்பு நிலத்துல உக்காந்திருக்கறவன் ஆராக்ஸ் தேட எங்க போவான்.

டாசிடஸ் இந்த இடத்துல எல்லாருக்குமே இது கஷ்டம்தான் ஆனா ஜெர்மானியர்களுக்கு இன்னும் கஷ்டம், காடு நெறய பெரிய மிருகம் இருந்தாலும் வீட்டு மாடு சின்னதுன்னு ஒரே வரியில சொல்லிட்டு போயிடறாரு.

வெளிய தெரிஞ்ச அறிகுறிகள்

அடுத்து நடந்தது ஒரே நாள்ல நடந்தது இல்ல, படிப்படியா நடந்துச்சு, அதனாலதான் இத கேஸா படிக்க முடியுது.

முதல்ல தோலுக்கு பதிலா மாட்டையே குடுத்தாங்க. இது ரொம்ப மோசமான நிலை, ஏன்னா இந்த வருஷம் மாட்ட குடுத்தவன் அடுத்த வருஷம் தோலுக்கு எங்க போவான், வரி குடுக்கற சக்தியையே வரியா குடுத்துட்டான். அப்புறம் நிலம் போச்சு. கடைசியா பொண்டாட்டி புள்ளைங்கள அடிமையா குடுக்க வேண்டி வந்துச்சு. கோபமும் முறையீடும் இதுல இருந்துதான் வந்துச்சு, எந்த நிவாரணமும் கிடைக்கல, அதுக்கப்புறம்தான் போர்னு டாசிடஸ் வரிசையா சொல்றாரு.

அந்த முறையீடுங்கற வார்த்தைய தாண்டி போயிடக்கூடாது. அவங்க எடுத்தவுடனே ஆயுதம் எடுக்கல. தோல் வரவேண்டிய இடத்துல உயிரோட மாடு வருது, அப்புறம் நிலம் வருது, அப்புறம் அடிமை வர்றாங்க, இதெல்லாம் கைமாறும்போது மேல இருக்கற கவர்னர் ஆபீஸ்ல யாராவது ஒருத்தர் கேட்டிருக்கணும் என்னய்யா நடக்குதுன்னு. வசூல் வந்துட்டு இருந்துச்சு, அதனால கேக்கல போல. இது என் ஊகம்தான், ஆனா வசூல் ஒழுங்கா வர்ற இடத்துல இன்ஸ்பெக்‌ஷன் போறவங்க எந்த காலத்துலயும் கம்மி.

இதுல கசப்பான விஷயம் என்னன்னா, மாகாண கவர்னர்கள் வரிய ஏத்த சொன்னப்போ நல்ல மேய்ப்பன் ஆட்டுக்கு மயிர்தான் வெட்டுவான் தோல உரிக்க மாட்டான்னு பதில் எழுதினதா சொல்லப்படறவரு இதே டைபீரியஸ்தான். அவர் ஆட்சியிலதான் இது நடக்குது, அதுவும் தோல் விஷயத்துலயே.

கலகம்

கி.பி. 28. வரி வசூலிக்க வந்த சோல்ஜர்கள புடிச்சு தூக்குமரத்துல ஏத்திட்டாங்க. ஒலென்னியஸ் அவங்க கைக்கு சிக்கறதுக்கு முன்னாடி ஃப்ளேவம்ங்கற கடலோர கோட்டைக்குள்ள ஓடிட்டாரு. அங்க ரோமன் குடிமக்களும் துணைப்படையும் சேந்து ஓரளவு நல்ல பலம் இருந்துச்சு. ஃப்ரீசியர்கள் கோட்டைய சுத்தி வளைச்சாங்க.

இந்த கோட்டை ஆம்ஸ்டர்டாமுக்கு மேற்க வெல்சன்ல தோண்டினதுதான்னு பெரும்பாலான ஆராய்ச்சியாளர்கள் சொல்றாங்க. அங்க நூத்துக்கணக்குல ஈய கவண்குண்டு கிடைச்சிருக்கு, அதுல சிலது மண்ணுல விரல குத்தி அந்த ஓட்டையில உருக்கின ஈயத்த ஊத்தி பண்ணது, அச்சுல ஊத்த கூட நேரமில்ல. ஒரு கிணத்துக்குள்ள குறுவாளோட ஒரு ரோமன் சோல்ஜர் எலும்புக்கூடும் கிடைச்சுது.

அப்ரோனியஸ் எடுத்த முடிவுகள்

கீழ் ஜெர்மானியாவோட கவர்னர் லூசியஸ் அப்ரோனியஸ். அனுபவம் இல்லாதவர்னு சொல்ல முடியாது, ஆப்பிரிக்காவுல இருந்தப்போ கோழைத்தனமா ஓடின ஒரு கோஹார்ட்ல (லீஜியன விட சின்ன படைப்பிரிவு) பத்துக்கு ஒருத்தன்னு சீட்டு போட்டு அடிச்சே கொன்னவரு, அந்த அளவுக்கு கண்டிப்பு.

செய்தி வந்ததும் மேல் ஜெர்மானியாவுல இருந்து லீஜியன் பிரிவுகள வரவழைச்சு தன் படையையும் சேத்து ரைன்ல கப்பல்ல எறக்கினாரு. இது வரைக்கும் சரியான முடிவு. அவர் வர்றத கேட்டதும் ஃப்ரீசியர்கள் முற்றுகைய விட்டுட்டு தங்களோட ஊர காப்பாத்த திரும்பிட்டாங்க. கவனிங்க, கோட்டை காப்பாத்தியாச்சு. இங்க நின்னு ஒலென்னியஸ பதவியில இருந்து எடுத்துட்டு பேச்சுவார்த்தைக்கு ஆள் அனுப்பியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு தெரியல, ஆனா அதுக்கு ஒரு வாய்ப்பு இருந்தது இந்த ஒரு இடத்துலதான். சோல்ஜர்கள தூக்குல போட்டதுக்கு அப்புறம் எந்த ரோமன் கவர்னரும் அப்படி பண்ணமாட்டான்ங்கறதும் உண்மை.

அவர் உள்ள போனாரு. கனமான படை போக கழிமுகத்துல கரையும் பாலமும் போட சொன்னாரு, அதுக்கு நேரம் ஆகும், அதுக்குள்ள ஆழமில்லாத இடத்த கண்டுபிடிச்சு கன்னினெஃபாட்டஸ்ங்கற குடியோட குதிரைப்படையையும் தன்கிட்ட இருந்த ஜெர்மானிய காலாட்படையையும் எதிரியோட பின்பக்கமா சுத்தி போக சொன்னாரு. ஃப்ரீசியர்கள் ஏற்கனவே அணிவகுத்து தயாரா நின்னாங்க, வந்தவங்கள விரட்டிட்டாங்க, உதவிக்கு போன லீஜியன் குதிரைப்படையையும் விரட்டிட்டாங்க. அடுத்து மூணு கோஹார்ட் அனுப்பினாரு. அப்புறம் இன்னும் ரெண்டு. கொஞ்ச நேரம் கழிச்சு மிச்ச குதிரைப்படை. எல்லாம் ஒண்ணா ஒரே நேரத்துல போயிருந்தா ஜெயிக்கற பலம்தான்னு டாசிடஸே சொல்றாரு, ஆனா விட்டு விட்டு போனதால புதுசா வந்தவன் ஏற்கனவே பயந்து ஓடி வர்றவனோட சேந்து அவனும் ஓடினான்.

மிச்சமிருந்த துணைப்படைய ஐந்தாவது லீஜியன் தளபதி செதேகஸ் லாபியோகிட்ட குடுத்தாரு, அவரும் மாட்டிக்கிட்டு லீஜியன அனுப்புங்கன்னு ஆள் மேல ஆள் அனுப்பினாரு. கடைசியில ஐந்தாவது லீஜியன் பாஞ்சு போய் கடுமையா சண்டை போட்டு எதிரிய தள்ளி காயம்பட்டு கிடந்தவங்கள மீட்டுச்சு. முதல்லயே அவங்கள அனுப்பியிருக்கலாமேன்னு கேட்டா, சதுப்புல கனமான படை சிக்கிடும்ங்கற பயம் வாரஸுக்கு அப்புறம் எந்த ரோமன் தளபதிக்கும் இருந்திருக்கும், அது நியாயமான பயம்தான். அப்படி பயந்தா பாலம் முடியற வரைக்கும் காத்திருக்கணும். காத்திருக்கவும் இல்ல, முழுசா எறங்கவும் இல்ல, ரெண்டுக்கும் நடுவுல நின்னு ஆள கொஞ்சம் கொஞ்சமா எறைச்சாரு.

அப்புறம் இன்னொரு முடிவு, இது எனக்கு புரியவே இல்ல. நெறய ட்ரிப்யூன், ப்ரீஃபெக்ட், பேர்பெற்ற சென்சூரியன்னு படை அதிகாரிங்க செத்து கிடந்தும் பழி வாங்கவும் இல்ல, பொணங்கள பொதைக்கவும் இல்ல, திரும்பிட்டாரு.

பின்னால தங்கிப்போனவங்க

ஓடி வந்தவங்க மூலமா பிறகுதான் தெரிய வந்துச்சு, பதுஹென்னாங்கற ஒரு புனித தோப்புல 900 ரோமர்கள் அடுத்த நாள் வரைக்கும் சண்டை போட்டு செத்திருக்காங்க. இன்னொரு 400 பேர் முன்ன ரோமன் படையில சம்பளத்துக்கு வேலை பாத்த க்ருப்டோரிக்ஸோட பண்ணை வீட்டுக்குள்ள புகுந்து தங்கியிருக்காங்க, தங்களை காட்டிக்குடுத்துடுவாங்கன்னு பயம் வந்ததும் ஒருத்தர ஒருத்தர் வெட்டிக்கிட்டு செத்துட்டாங்க.

இந்த ரெண்டு இடத்துல மட்டும் 1,300 பேர். இந்த 400 பேரோட முடிவு யோசிக்க வைக்குது. அந்த வீட்டுக்காரன் ரோமுக்கு வேலை பாத்தவன், ரெண்டு பக்கமும் தெரிஞ்சவன், 40 வருஷ பழக்கத்துல அந்த ஊர்ல அப்படி எத்தனையோ பேர் இருந்திருப்பாங்க. ஒலென்னியஸுக்கு முன்னாடி அந்த வீடு பாதுகாப்பான எடமா இருந்திருக்கும்.

ரோம்ல என்ன நடந்துச்சு

ஃப்ரீசியர் பேர் ஜெர்மானியர்கள் நடுவுல பெரிய பேராயிடுச்சு. டைபீரியஸ் இழப்ப மறைச்சுட்டாரு, காரணம் வெளிய சொன்னா யாராவது ஒரு தளபதிக்கு பெரிய படைய குடுத்து போர ஒப்படைக்கணும், அப்படி ஒருத்தன் வளர்றது அவருக்கு பிடிக்கல. அப்போ அவர் காப்ரி தீவுல இருந்தாரு, ரோம்ல அவரோட காவல்படைத் தலைவர் செஜானஸ் ராஜ்யம். செனட்டும் எல்லையில என்ன அவமானம்னு கவலப்படல, அவங்கவங்க கழுத்து தப்பினா போதும்னு பயத்துல இருந்தாங்க. கருணைக்கு ஒரு பலிபீடம், நட்புக்கு ஒரு பலிபீடம், சுத்தி டைபீரியஸ் சிலையும் செஜானஸ் சிலையும் வைக்கலாம்னு தீர்மானம் போட்டாங்க. வடக்க 1,300 பேர் செத்த அதே சமயத்துல செனட்ல இதுதான் நடந்துச்சு.

பிறகு

ஃப்ரீசியர்கள் 19 வருஷம் யார் கைக்கும் அடங்காம இருந்தாங்க. ஆனா தொடர்பு சுத்தமா அறுந்துடல போல, 1914ல ஃப்ரீஸ்லாந்துல டோல்சம்ங்கற ஊர்ல ஒரு ரோமன் எழுத்துப்பலகை கிடைச்சுது, ரொம்ப காலம் அத மாடு வித்த பத்திரம்னே படிச்சாங்க, 2009ல திரும்ப படிச்சப்போ அது ஒரு கடன் சீட்டு, தேதி கி.பி. 29 பிப்ரவரி 23ன்னு தெரிஞ்சுது. கலகத்துக்கு அடுத்த வருஷம்.

கி.பி. 47ல கோர்புலோ கவர்னரா வந்தாரு. அவர் அவங்ககிட்ட பணயக்கைதிகள வாங்கினாரு, இருக்கறதுக்கு நிலத்த அளந்து எல்லை போட்டு குடுத்தாரு, அவங்களுக்குள்ள ஒரு செனட், அதிகாரிங்க, சட்டம்னு ஏற்படுத்தினாரு, மீறாம இருக்க ஒரு கோட்டையும் வெச்சாரு. கெடுபிடிதான், ஆனா யார்கிட்ட பேசணும் எது எல்லைன்னு இப்போ தெளிவா இருந்துச்சு. அது நிலைக்கறதுக்கு முன்னாடியே க்ளாடியஸ் சக்கரவர்த்தி படைய ரைனுக்கு இந்தப்பக்கம் வாங்கிக்கோன்னு ஆர்டர் போட்டுட்டாரு. கோர்புலோ சோல்ஜர்கள சும்மா வெக்காம மியூஸ் ஆத்துக்கும் ரைனுக்கும் நடுவுல 23 ரோமன் மைல் கால்வாய் வெட்ட வெச்சாரு.

கி.பி. 58ல ஃப்ரீசியர்கள் ரைன் ஓரம் ராணுவத்துக்குன்னு ஒதுக்கி காலியா கிடந்த நிலத்துல குடியேறி வீடு கட்டி வெதச்சுட்டாங்க. காலி பண்ணுங்க, இல்ல சக்கரவர்த்திகிட்ட கேட்டு வாங்குங்கன்னு கவர்னர் சொன்னதால அவங்க தலைவர்கள் வெர்ரிடஸும் மலோரிக்ஸும் ரோமுக்கே போனாங்க. நீரோவ பாக்க காத்திருந்தப்போ பாம்பேங்கற பழைய ரோமன் தளபதி கட்டின தியேட்டர காட்ட கூட்டிட்டு போனாங்க, செனட்டர் சீட்ல வெளிநாட்டு உடுப்புல சிலர் உக்காந்திருந்தத பாத்து அது யாருன்னு கேட்டாங்க, வீரத்துலயும் ரோமோட நட்புலயும் சிறந்த நாட்டு தூதர்களுக்கு குடுக்கற மரியாதைன்னு பதில் வந்துச்சு. ஆயுதத்துலயும் விசுவாசத்துலயும் ஜெர்மானியர்கள மிஞ்ச ஆளில்லன்னு சொல்லிட்டு நேரா எறங்கிப்போய் செனட்டர்கள் நடுவுல உக்காந்துட்டாங்க. பாத்தவங்களுக்கு அது பிடிச்சுப்போச்சு. நீரோ ரெண்டு பேருக்கும் ரோமன் குடியுரிமை குடுத்தாரு, ஜனங்கள நிலத்த காலி பண்ண சொன்னாரு. மறுத்தவங்க மேல துணைக் குதிரைப்படைய ஏவி புடிச்சாங்க, கொன்னாங்க. பத்து பன்னெண்டு வருஷம் கழிச்சு பட்டாவியர்ங்கற பக்கத்து குடியோட கலகம் வந்தப்போ ஃப்ரீசியர்கள் எந்தப் பக்கம் நின்னாங்கன்னு சொல்லணுமா, ரோமுக்கு எதிராத்தான்.

என்ன மாத்தியிருக்கணும்

ட்ரூசஸ் பண்ண ஏற்பாட்டுல பெருந்தன்மை இருந்துச்சு, அளவு இல்ல. ஊர் மாட்டுத்தோல் ஒண்ண சாம்பிளா வெச்சு முத்திரை போட்டு ஒண்ணு ரோமன்கிட்ட ஒண்ணு ஃப்ரீசியர்கிட்டன்னு குடுத்திருந்தா பின்னாடி வந்த ஆள் தன் இஷ்டத்துக்கு ஆராக்ஸ் தோல நீட்டியிருக்க முடியாது.

ரெண்டாவது, வசூலிக்கறவரே தரம் பாக்கறவரு, தகராறு வந்தா தீர்ப்பு சொல்றவரும் அவரே. முறையீடு இருந்துச்சு ஆனா அது போய் சேர எடமில்ல. தோலுக்கு பதிலா வேற எந்த பொருள் வந்தாலும் கவர்னருக்கு தனியா ரிப்போர்ட் போகணும்னு ஒரே ஒரு விதி இருந்திருந்தா முதல் மாடு வந்தப்பவே விஷயம் வெளிய வந்திருக்கும், அடிமை வரைக்கும் போயிருக்காது.

படை விஷயத்துல முற்றுகை விலகினதும் அவசரம் முடிஞ்சுது, அதுக்கப்புறம் பாலம் முடியறதுக்கு முன்னாடி ஒரு ஆளகூட உள்ள அனுப்பியிருக்கக்கூடாது.

எல்லாத்தையும் விட எனக்கு பெருசா படறது மறைச்சது. இழப்ப மறைச்சா விசாரணையும் வராது. ஒலென்னியஸ் கோட்டைக்குள்ள ஓடினதோட அவர் பேரு கதையில திரும்ப வரல. அப்ரோனியஸ் அதே பதவியில தொடர்ந்தாரு, ஆறு வருஷம் கழிச்சு கி.பி. 34லயும் கீழ் ஜெர்மானியா படை அவர் கையிலதான், பக்கத்து மேல் ஜெர்மானியா படை அவர் மருமகன் கையில.